மெட்டாலிகா மாறியது குற்றமா?



இன்-பிளான்ட் டிரெயினிங் போன தொழிற்சாலையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் தினமும் ஒரு பட்டிமன்றம் நடக்கும். ஃபிட்டர் அண்ணன் ஒரு கட்சி, எலக்ட்ரீஷியன் அண்ணன் எதிர்க்கட்சி. தலைப்பு, அமெரிக்க ஹெவி மெட்டல் குழுவான மெட்டாலிகா! 2011 அக்டோபர் 30 அன்று பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸில் அவர்கள் வாசித்தபோது இருவரும் ஒரே பஸ்ஸில் போய்ப் பார்த்தவர்கள். திரும்பி வரும் வழியெல்லாம் சண்டையாம்.

"86-க்கு அப்புறம் அவனுங்க கதை முடிஞ்சுதுடா தம்பி" என்பார் ஃபிட்டர் அண்ணன். 1986-இல் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஸ்வீடனில் பஸ் கவிழ்ந்து, பேஸ் கிட்டார் வாசித்த கிளிஃப் பர்ட்டன் 24 வயதில் இறந்தார். அண்ணனின் கணக்கு அங்கேயே நின்றுவிட்டது. எலக்ட்ரீஷியன் அண்ணனோ 1991-இல் வந்த கறுப்பு அட்டை ஆல்பத்தின் கேசட்டில் தொடங்கியவர். "அது வரலைன்னா நம்ம ஊருக்கு மெட்டாலிகா பேரே வந்திருக்காதுண்ணே" என்பார். அமெரிக்காவில் மட்டும் 1.6 கோடிக்கு மேல் விற்ற ஆல்பம் அது.

சின்னப் பயல் நான் தீர்ப்புச் சொல்லலாமா? சொல்கிறேன்.

'அந்தக் காலத்தில் சுத்தமாக இருந்தார்கள், காசுக்காக மாறினார்கள்' என்பது முழு உண்மை இல்லை. 1984-லேயே, இரண்டாவது ஆல்பத்தில் 'ஃபேட் டு பிளாக்' என்ற மெதுவான பாட்டைப் போட்டதற்கு ரசிகர்கள் 'விலை போய்விட்டார்கள்' என்று கத்தினார்கள். இன்று அதே பாட்டு பழைய கட்சிக்காரர்களின் சொத்து! 1988 ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு ஒன்பது நிமிடத்துக்கும் மேல். மேடையில் அதை வாசிக்கும்போது கூட்டம் சோர்ந்து போனதை அவர்களே சொல்லியிருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் 1991-இல் பாட்டைச் சுருக்கினார்கள். அதே 88 ஆல்பத்தில் பேஸ் கிட்டார் காதிலேயே விழாது. அதை ஏன் யாரும் துரோகம் என்பதில்லை?

1996-இல் 'லோட்' வந்தபோது பெரிய புகாரே முடியை வெட்டிக்கொண்டார்கள் என்பதுதான். பாட்டைக் கேட்டுவிட்டுத் திட்டினால் பரவாயில்லை, முடியைப் பார்த்தா?

ஊருக்குப் போனால் என்னையும் "காலேஜ் போனதும் பய மாறிட்டான்" என்கிறார்கள். எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். என் பேண்ட்டையும் பேச்சையும் வைத்துத்தான் சொல்கிறார்களே தவிர, லீவில் அப்பாவோடு களையெடுக்கப் போனாயா என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் அங்கே நான் மாட்டுவேன், அது வேறு விஷயம்.

மெட்டாலிகாவிடமும் கேட்க வேண்டிய கேள்வி வேறு இருக்கிறது. 1982-இல் அவர்கள் பதிவு செய்த டெமோ கேசட்டை ரசிகர்கள் ஒருவருக்கொருவர் காப்பி எடுத்துக் கொடுத்துத்தான் முதல் ஆல்பத்துக்கு முன்பே பெயர் பரவியது. அப்படி வளர்ந்தவர்கள் 2000-இல் நாப்ஸ்டர் மேல் வழக்குப் போட்டு, பாட்டைப் பகிர்ந்தவர்கள் என்று 3 லட்சத்துக்கும் அதிகமான பயனாளர்களின் பெயர்ப் பட்டியலை நீட்டினார்கள். சட்டப்படி சரியாக இருக்கலாம். எனக்கு வலித்தது. இந்த ஒரு இடத்தில் நான் ஃபிட்டர் அண்ணன் கட்சி.

2003-இன் 'செயின்ட் ஆங்கர்' பற்றி அதிகம் பேச வேண்டாம். ஸ்னேர் டிரம் எண்ணெய் டின்னைத் தட்டுகிற மாதிரி இருக்கும். ஆனால் பேஸ் வாசித்தவர் விலகி, பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் குடிப்பழக்கத்துக்குச் சிகிச்சை எடுத்து, குழுவே உடையப்போன நேரத்தில் வந்த ஆல்பம் அது.

எலக்ட்ரானிக்ஸ் மாணவர்களுக்கு ஒன்று. 2008-இன் 'டெத் மேக்னடிக்' ஆல்பத்தில் சத்தத்தை அளவுக்கு மீறி ஏற்றிவிட்டார்கள். சி.ஆர்.ஓ.வில் சைன் அலையின் தலை வெட்டுப்பட்டுத் தட்டையாகத் தெரியுமே, அந்தக் கிளிப்பிங்! 'கிட்டார் ஹீரோ' என்ற வீடியோ விளையாட்டில் வந்த அதே பாட்டுகள் இதைவிடத் தெளிவாக இருந்ததை ரசிகர்களே ஒப்பிட்டுக் கண்டுபிடித்தார்கள். குறை சொன்னால் இப்படிச் சொல்ல வேண்டும்!

டிரெயினிங் கடைசி நாள் 'லோட்' ஆல்பத்தில் உள்ள 'பிளீடிங் மீ' பாட்டைப் போனில் போட்டு, இயர்போனை ஃபிட்டர் அண்ணன் காதில் மாட்டினேன். எட்டு நிமிடப் பாட்டு. டிபன் பாக்ஸை மூடாமல் முழுக்கக் கேட்டார். எலக்ட்ரீஷியன் அண்ணன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் கடைசியில். "முடியை வெட்டாமப் பாடியிருக்கலாம்."