சம்மனை மறுக்காதீர்!

1985 ஜூலையில் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்தவர்களில், 1961-ல் சேலத்திலிருந்து பிழைக்கப் போன கூலித் தொழிலாளி ஒருவரும் உண்டு. குடிசையை அகற்றவே கூடாதென்று கோர்ட்டு சொல்லவில்லை. அகற்றுமுன் ஏழை சொல்வதையும் கேட்பதே முறை என்றது.

சிவில் வழக்கிலும் நமக்கு அந்த உரிமை உண்டு. அதற்கான அழைப்பே சம்மன். கரமனையில் சீட்டுப் பாக்கி, கைமாற்றுக் கடன் என்று சம்மன் வந்தால் பயந்து வாங்க மறுப்பவர் பலர். மறுத்தால் கதவில் ஒட்டுவார்கள். நம்மைக் கேளாமலே எக்ஸ்பார்ட்டி தீர்ப்பாகும். தக்க காரணம் காட்டி அதை நீக்கக் கோர 30 நாள்தான் தவணை.

ஆகவே தோழர்களே, சம்மனை வாங்குங்கள். வஞ்சியூர் கோர்ட்டில் பெண்களுக்கும் ஏழைகளுக்கும் இலவச சட்ட உதவி உண்டு. மலையாளம் படிக்கத் தெரியாதவர்க்குச் சம்மனோடு தமிழ்ப் பிரதியும் தரும்படி சர்க்காரைக் கேட்போம். புரியாத தாளைக் கொடுத்துவிட்டு, "ஏன் வரவில்லை?" என்பது நியாயமா?