சினையைக் கலைப்பது ஊசியல்ல

ஆரணியில் தறி வைத்திருக்கும் பல வீடுகளிலும், சேவூர், களம்பூர், தேவிகாபுரம் பக்கத்துச் சிறு விவசாயிகளிடமும் ஒன்றிரண்டு கலப்பினக் கறவைகள் உண்டு. பட்டு நெய்த கூலி கைக்கு வரத் தாமதமானாலும், சொசைட்டியில் ஊற்றிய பாலுக்குப் பணம் வந்துவிடும் என்பதுதான் அந்தக் குடும்பங்களுக்குத் தெம்பு. அந்த மாட்டுக்குத்தான் கோமாரித் தடுப்பூசி முகாம் நடக்கும் நாளில் "கறவையில இருக்குது, வேணாம்" என்றும், "சினை மாடு, கன்னு போட்டப்புறம் பாத்துக்கலாம்" என்றும் தடை வருகிறது. ஊசி போட்டால் பால் வற்றும், சினை கலையும் என்ற நம்பிக்கை ஆழ வேரோடியிருக்கிறது. படிக்காதவர்களின் மூடநம்பிக்கை என்று இதை ஒதுக்குவது நியாயமில்லை. கண்ணால் கண்டதிலிருந்து பிறந்தது இது. ஆனால் கண்டதற்குக் கற்பித்த காரணம் பிழை. அந்தப் பிழைக்கு அதிக விலை கொடுப்பவர் ஒற்றை மாட்டை நம்பியிருப்பவர்.

முதலில் பால். கோமாரித் தடுப்பூசியில் இருப்பது செயலிழக்கச் செய்த வைரஸ். போட்டபின் சில மாடுகளுக்கு லேசான காய்ச்சல் வரும், ஊசி பட்ட இடம் வீங்கும், ஓரிரு நாள் தீனியும் பாலும் குறையும். இதை முன்கூட்டியே சொல்லாமல் மழுப்பும் முகாம்கள்தாம் சந்தேகத்தை வளர்க்கின்றன. எட்டு லிட்டர் கறக்கும் மாடு மூன்று நாள் நாளுக்கு ஒரு லிட்டர் குறைத்துக் கறந்தால் இழப்பு மூன்று லிட்டர். அதே மாட்டுக்குக் கோமாரி கண்டால் நாக்கிலும் ஈறிலும் கொப்புளம் உடைந்து எச்சில் ஒழுகும்; வைக்கோலைக்கூட மெல்ல முடியாது; குளம்பிடுக்கு புண்ணாகி நிற்கவே தவிக்கும்; காம்பில் புண் வந்தால் மடிநோய் தொடரும். அந்த ஈற்றில் பால் பழைய அளவுக்குத் திரும்பாமலே போவதும் உண்டு. ஆறிய பிறகும் சில மாடுகள் வெயிலில் மூச்சிரைத்து நிற்கும், சினை பிடிக்காது. தாயிடம் ஊட்டும் இளங்கன்றின் இதயத் தசையை வைரஸ் தாக்கினால், அது வாயில் ஒரு புண்கூட இல்லாமல் திடீரென விழுந்து செத்துப்போகும். 2013இல் தமிழ்நாட்டில் கோமாரி பரவியபோது இழப்பை லிட்டரில் அளக்க முடியவில்லை, மாடுகளே போயின.

சினை விஷயத்தில் குற்றச்சாட்டு இன்னும் கடுமையானது, அதனால் பதிலும் கவனமாகச் சொல்லப்பட வேண்டும். ஊரிலுள்ள எல்லா மாட்டுக்கும் ஒரே வாரத்தில் ஊசி போடும்போது, எப்படியும் கலையவிருந்த சில சினைகள் அந்த வாரத்தை ஒட்டியே கலையும். முகாம் இல்லாத மாதத்தில் கலைந்தால் கண்ணேறு என்கிறோம், முகாம் மாதத்தில் கலைந்தால் ஊசி என்கிறோம். பக்கத்து ஊரில் நோய் வந்த பிறகு அவசரமாகப் போடுவதும் பழியைக் கூட்டுகிறது. கோமாரி வைரஸ் உடம்பில் புகுந்து வெளித்தெரிய இரண்டு நாளிலிருந்து இரண்டு வாரம் வரை ஆகலாம்; ஏற்கெனவே தொற்றிய மாட்டுக்கு ஊசி போட்டால் நோய் வரத்தான் செய்யும், சினையும் கலையலாம். நிறைசினை மாட்டைக் கயிறு போட்டு முரட்டுத்தனமாக இழுத்து அடக்குவதும் ஆபத்துதான். அங்கே குற்றவாளி கயிறு. மாடு எத்தனை மாதச் சினை என்பதை டாக்டரிடம் முன்பே சொன்னால் இதைத் தவிர்க்கலாம்.

இந்த நம்பிக்கைக்குள் ஒரு துளி உண்மையும் இருக்கிறது. புருசெல்லோசிஸ் என்னும் கருச்சிதைவு நோய்க்கான தடுப்பூசியில் வீரியம் குறைத்த உயிருள்ள கிருமி இருக்கிறது. சினை மாட்டுக்குப் போட்டால் சினை கலையலாம். அதனால்தான் அதை 4 முதல் 8 மாத வயதுக் கிடேரிக் கன்றுகளுக்கு மட்டும் போடுகிறார்கள். கடைசி மாதங்களில் சினையைக் கலைத்துப் போடும் நோய் அது. கலைந்த கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் எடுப்பவருக்கும், காய்ச்சாத பால் குடிப்பவருக்கும் தொற்றும். சினை கலையுமென்று பயந்து கன்றுக்கும் ஊசியை மறுப்பவர், சினையைக் காக்கும் ஊசியையே மறுக்கிறார்.

"போட்டும் வந்ததே" என்று கேட்பவர்களை வாயடைக்கக் கூடாது. முதல்முறை போடும் கன்றுக்கு ஒரு மாத அளவில் மறு ஊசி தேவை. எதிர்ப்பாற்றலும் ஏறக்குறைய ஆறு மாதம்தான் நிற்கும். 2019 செப்டம்பரில் தொடங்கிய தேசியத் திட்டம் ஆண்டுக்கு இருமுறை இலவசமாகப் போடச் சொல்வது இதனால்தான். ஒரு சுற்றைத் தவறவிட்டவர் ஊசி பலிக்கவில்லை என்பது பொருந்தாது. கைமருத்துவம் இருக்கிறதே என்பது இன்னொரு வாதம். சீரகம், வெந்தயம், மிளகு, மஞ்சள், பூண்டு, வெல்லத்தோடு தேங்காய் சேர்த்துக் கொடுப்பதைக் கால்நடைப் பல்கலைக்கழகத்தாரே பரிந்துரைக்கிறார்கள். வாய்ப்புண் ஆறி மாடு தீனி எடுக்க அது துணைசெய்யும். அடுத்த தொழுவத்துக்கு வைரஸ் போவதை அதனால் தடுக்க முடியாது. தை மாதத்தில் எருது விடும் விழாவுக்குப் பல ஊர்க் காளைகள் ஒரே தெருவில் நிற்கின்றன. சந்தையில் ஒரே தொட்டியில் வாய் வைக்கின்றன. அங்கே ஊசி போடாத ஒரு மாடு ஊர் முழுவதற்கும் நோயைக் கொண்டுவரலாம்.

நம் தாத்தா காலத்தில் கொட்டில்களைக் காலிசெய்த வெக்கை நோய் ஊசியால் ஒழிந்தது. உலகமே அதிலிருந்து விடுபட்டதாக 2011இல் அறிவிக்கப்பட்டது. ஆற்காடு தாண்டிப் பாலாற்றைக் கடந்தால் ராணிப்பேட்டையில் 1932 முதல் கால்நடைத் தடுப்பு மருந்து நிலையம் இருக்கிறது. நம் வட்டாரத்துக்கு இது அந்நியமான மருத்துவமன்று. மாடு வளர்ப்பவர் கேட்டு வாங்க வேண்டியவை வேறு: மருந்து பனிக்கட்டிப் பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் வந்ததா, மாட்டுக்கு மாடு ஊசி மாற்றுகிறார்களா, காலைக் கறவை முடிந்து வெயில் ஏறுமுன் வருகிறார்களா, ஊசிக்குப் பின் காய்ச்சல் கண்டால் யார் வந்து பார்ப்பார்கள். இவற்றுக்குப் பதில் சொல்லும் கடமை கால்நடைத் துறைக்கு இருக்கிறது. காலியாகக் கிடக்கும் மருத்துவர் பணியிடங்களை நிரப்பாமல் அந்தக் கடமையை அது நிறைவேற்ற முடியாது.