கரும்பலகையில் எழுதிய தொகை

புற்றுநோயாளிகளுக்கு நிதி திரட்ட நம் பள்ளி நடத்திய ஓட்டத்திற்கு, பதினொன்றாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் பன்னிருவர் தொண்டர்களாகப் பெயர் கொடுத்தோம். ஓடுகிறவர்களுக்குக் கைதட்டல், தொண்டர்களுக்குக் கால்வலி என்று முந்தைய ஆண்டு அக்காமார் எச்சரித்திருந்தனர். அது பொய்யாகவில்லை. விடியற்காலை ஐந்து மணிக்கே மைதானத்தில் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டோம். சேலையூர்த் திருப்பத்தில் குடங்களில் எலுமிச்சை நீரோடு நின்றோம். சின்னஞ்சிறு தங்கைகள் மூச்சிரைக்க ஓடிவந்து, "அக்கா, தண்ணி!" என்று கை நீட்டியபோது எங்கள் அலுப்பெல்லாம் பறந்தது.

ஆனால் நாங்கள் எழுத வந்தது அதைப் பற்றியல்ல. ஓட்டத்திற்கு முன் இரண்டு வாரம் எங்களுக்கு வேறொரு வேலையும் இருந்தது. ஒவ்வொரு மாணவிக்கும் வசூல் அட்டை தரப்பட்டது. யார் எவ்வளவு கொணர்ந்தார் என்று நாள்தோறும் காலைக் கூட்டத்தில் வாசித்து, கரும்பலகையில் எழுதுவோம். அதிகம் சேர்த்தவருக்குக் கேடயம். சுண்ணக்கட்டி எங்கள் கையில்தான் இருந்தது, பெருமையோடுதான் எழுதினோம்.

ஏழாம் வகுப்புத் தங்கை ஒருத்தி மூன்று நாள் வரவில்லை. சானடோரியம் ரயில் நிலையத்திற்கு அருகே அவள் வீட்டைத் தேடிச் சென்றோம். அம்மா மெப்ஸில் தையல் வேலைக்குப் போயிருந்தார். "காய்ச்சலா?" என்று கேட்டோம். "காய்ச்சல் இல்லக்கா, கார்டுல ஒண்ணும் இல்ல" என்றாள். எங்களுக்குப் பேச்சு வரவில்லை.

இத்தகைய ஓட்டங்களுக்கு வழிகாட்டி கனடா நாட்டு இளைஞர் டெர்ரி ஃபாக்ஸ். புற்றுநோயால் 1977இல் வலது காலை இழந்த அவர், 1980 ஏப்ரல் 12 அன்று செயற்கைக் காலோடு ஓடத் தொடங்கினார். 143 நாள்களில் 5,373 கிலோமீட்டர் ஓடினார். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் நிறுத்த வேண்டியதாயிற்று. 1981 ஜூனில், 22 வயதில் இறந்தார். அவர் தம் நாட்டவரிடம் கேட்டதோ ஆளுக்கு ஒரே ஒரு டாலர். அவர் இறக்குமுன்பே 2 கோடியே 41 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்துவிட்டது. கனடாவின் மக்கள் தொகையும் அப்போது ஏறத்தாழ அவ்வளவே. அவர் பெயரால் நடக்கும் ஓட்டத்தில் முதலிடமும் இல்லை, பரிசும் இல்லை. நம் சென்னையிலேயே ஐ.ஐ.டி. வளாகத்தில் அது பலமுறை நடந்திருக்கிறது.

போட்டி இருந்தால்தான் பணம் சேரும் என்பார்கள். அதில் உண்மை இல்லாமலில்லை. பணமும் அவசியந்தான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் பன்னிரண்டு படுக்கைகளோடு தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம் வளர்ந்ததில், பலரது நன்கொடைக்கும் பங்குண்டு. கரும்பலகையை எடுத்துவிட்டால் முதல் ஆண்டில் தொகை சற்றுக் குறையலாம். குறையட்டும் என்றே நாங்கள் நினைக்கிறோம். கேடயம் பெறுவது பெரும்பாலும் அப்பாவின் அலுவலக நண்பர்களின் தாராளந்தானே! (எங்களுள் ஒருத்தி சென்ற ஆண்டு அப்படித்தான் பெற்றாள். அவளே இதை எழுதச் சொன்னாள்.)

விவிலியத்தில் ஏழைக் கைம்பெண் இரண்டு காசு போட்டதை ஆண்டவர் கவனித்தார். ஆனால் அவளைக் கூட்டத்தின் முன் நிறுத்தித் தொகையை அறிவிக்கவில்லை. தம் சீடரை அழைத்து அவர்களிடம் சொன்னார்.

ஆகவே அன்புள்ள சிஸ்டர்களுக்கும் பெற்றோருக்கும் எங்கள் விண்ணப்பம்: வரும் ஆண்டு அட்டையும் வேண்டாம், கேடயமும் வேண்டாம், வாயிலருகே ஓர் உண்டியல் போதும். இயன்றவர் இயன்றதைப் போடட்டும், இயலாதவர் எங்களோடு கோடு போட வரட்டும். அந்தத் தங்கை ஓட்டத்தன்று ஐந்து மணிக்கே வந்து, கடைசிக் குடம் காலியாகும்வரை தண்ணீர் ஊற்றினாள். உண்டியலுக்கென்று பெரிய பிஸ்கட் டின் ஒன்றின் மூடியில் துளையிட்டு, இப்போதே எங்கள் வகுப்பு அலமாரியில் வைத்திருக்கிறோம்.