98ஆ, 92ஆ?

2007ல் க்ரைசிஸ் என்று ஒரு கம்ப்யூட்டர் கேம் வந்தது. ஜெர்மனியில் க்ரைடெக் என்ற கம்பெனி செய்தது. அன்றைக்கு வீடுகளில் இருந்த கம்ப்யூட்டர்களை மூச்சு வாங்க வைத்தே பெயர் வாங்கிய கேம். இதற்கு 'பிசி கேமர்' பத்திரிகை எத்தனை மார்க் போட்டது தெரியுமா? அமெரிக்கப் பதிப்பு 98 சதவீதம். பிரிட்டிஷ் பதிப்பு 92. அட்டையில் ஒரே பெயர், மேலே ஒரே முதலாளி, மேஜையில் ஒரே கேம். ஆறு மார்க் வித்தியாசம்.

ஆறு மார்க் என்றால் என்ன என்று கட்-ஆஃப் பார்த்து வளர்ந்த கூட்டத்துக்கு நான் விளக்க வேண்டாம் :-)

"ஒரே பத்திரிகை ரெண்டு மார்க் போட்டா எதை சார் நம்புறது?" என்று ஆபீஸில் ஒரு தம்பி கேட்டான். இரண்டையும் நம்பலாம் என்பது என் கட்சி. அந்த இடைவெளிதான் அந்தப் பத்திரிகை நமக்குக் கொடுத்த நல்ல விஷயம். அது போய்விட்டதில் எனக்கு வருத்தம். ஏன் என்று சொல்ல கொஞ்சம் பழங்கதை பேச வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1985ல் இங்கிலாந்தின் சாமர்செட் பக்கம் கிறிஸ் ஆண்டர்சன் என்பவர் பாங்க்கில் கடன் வாங்கி ஃப்யூச்சர் பப்ளிஷிங் கம்பெனியை ஆரம்பித்தார். முதல் பத்திரிகை, ஆம்ஸ்ட்ராட் என்ற அந்தக்கால வீட்டுக் கம்ப்யூட்டருக்கானது. (மனிதர் பாகிஸ்தானில் பிறந்து, நம்ம மசூரியில் வுட்ஸ்டாக் பள்ளியில் படித்தவர். பிற்பாடு டெட் உரைகளை உலகம் பூரா கொண்டுபோனதும் இவரேதான்.) பாத் நகரத்தில் வளர்ந்த அந்தக் கம்பெனி 1993ல் பிசி கேமரைக் கொண்டுவந்தது. அடுத்த வருஷமே அமெரிக்கப் பதிப்பு. அப்புறம் ஸ்வீடன், ஸ்பெயின், ரஷ்யா, மலேசியா, ஆஸ்திரேலியா என்று அதே பெயரில் பல நாடுகளில் வந்தது.

பத்திரிகைக்கு வெளிநாட்டுப் பதிப்பு என்றால் பொதுவாக என்ன நடக்கும்? உள்ளூர் பதிப்பாளர் ஒருவர் பணம் கட்டி பெயரை வாங்குவார். மூலப் பத்திரிகையின் கட்டுரைகளில் பாதியை மொழிபெயர்ப்பார், மீதியை உள்ளூர் ஆட்களை வைத்து எழுதுவார். ஆனால் பிரிட்டன், அமெரிக்கா விஷயம் வேறு. இரண்டும் இங்கிலீஷ். மொழிபெயர்க்க ஒன்றுமே இல்லை. பாத்தில் அச்சடித்ததை அப்படியே கலிபோர்னியாவில் விற்றிருக்கலாம், காசும் மிச்சம். அப்படிச் செய்யவில்லை. தனி ஆசிரியர், தனி விமர்சகர்கள், தனி அட்டை, தனி மார்க் என்றுதான் நடத்தினார்கள்.

அதற்கு நியாயமும் இருந்தது. ஒருகாலத்தில் கேம்கள் எல்லா நாட்டிலும் ஒரே நாளில் வராது. விலை ஒரு இடத்தில் பவுண்டு, ஒரு இடத்தில் டாலர். அதைவிட முக்கியம் ருசி. 'சாம்பியன்ஷிப் மேனேஜர்' என்ற கால்பந்து கேம் பிரிட்டனில் பல வீடுகளில் பித்தாகவே இருந்தது. திரையில் பெரிதாக ஒன்றும் நடக்காது, வெறும் பெயர்களும் எண்களும்தான். புட்பால் என்றாலே வேறு பந்தை நினைக்கும் அமெரிக்கனிடம் அதைக் கொடுத்து மார்க் போடச் சொன்னால் என்ன போடுவான்?

எழுத்தும் வேறு வேறு. அமெரிக்கப் பதிப்புக்கு தேங்காய்க் குரங்கு ஒன்று சின்னம், ஒரே கலகலப்பு. பிரிட்டிஷ் பதிப்பில் 2005ல் கீரன் கில்லன் என்பவர் 'தீஃப்' வரிசையின் மூன்றாவது கேமில் வரும் ஒரே ஒரு பாழடைந்த கட்டடத்தைப் பற்றி பக்கம் பக்கமாக எழுதினார். கேமைப் பற்றிக்கூட இல்லை, அதில் வரும் ஒரு கட்டடத்தைப் பற்றி! அந்தப் பதிப்பில் எழுதிப் பழகிய கில்லனும் வேறு சிலரும் சேர்ந்து 2007ல் ஆரம்பித்ததுதான் 'ராக் பேப்பர் ஷாட்கன்'.

எனக்கு இந்தப் பத்திரிகைகள் தில்லியில் தரியாகஞ்ச் ஞாயிற்றுக்கிழமை புத்தகச் சந்தையில்தான் கிடைத்தன. 2019ல் அந்த நடைபாதைக் கடைகளை மகிளா ஹாட்டுக்கு மாற்றினார்கள், அதற்கு முந்தைய கதை இது. பழைய இதழ்கள் குவியலாகக் கிடக்கும், பேரம் பேசி 30 ரூபாய்க்கு வாங்குவேன். கூட வர வேண்டிய சிடி மட்டும் எப்போதும் காணாமல் போயிருக்கும். ஒரே மாதத்தின் இரண்டு நாட்டு இதழ்களும் சேர்ந்து கிடைத்தால் அன்றைக்கு தீபாவளி. வீட்டுக்கு வந்து பக்கத்துப் பக்கத்தில் விரித்து வைத்துப் படிப்பேன். ("பழைய பேப்பர்காரனுக்குப் போட வேண்டியதை காசு குடுத்து வாங்கிட்டு வர்றீங்க" என்று தங்கமணி சொன்னதை இங்கே விரிவாக எழுதப் போவதில்லை.)

அப்படிப் படித்தால்தான் புரியும். ஒருவர் பாராட்டுவதை இன்னொருவர் கண்டுகொள்ளவே மாட்டார். நடுவில் உட்கார்ந்து, "இதில் நான் யார் பக்கம்?" என்று நாம் யோசிக்க வேண்டும். அந்த யோசனைக்குத்தான் நான் 60 ரூபாய் கொடுத்தேன்.

2010ல் இரண்டு பதிப்புகளின் இணைய வாசகர்களையும் ஒரே தளத்துக்குள் கொண்டுவந்தார்கள். வியாபாரமாகப் பார்த்தால் சரிதான். ஒரு கேம், ஒரு விமர்சனம், ஒரு மார்க். சர்வர் செலவு குறையும், சம்பளச் செலவும் குறையும்.

அதற்குள் 2001லேயே மெட்டாக்ரிடிக் வந்துவிட்டது. எல்லா விமர்சனங்களையும் மிக்ஸியில் போட்டு அரைத்து ஒரு எண்ணாகக் கொடுக்கும் இடம். அந்த எண் என்ன பாடு படுத்தும் என்பதற்கு ஒரு உதாரணம் போதும். 2010ல் அப்சிடியன் கம்பெனி 'ஃபால்அவுட் நியூ வேகாஸ்' செய்தது. மெட்டாக்ரிடிக்கில் 85 வந்தால் போனஸ் என்று ஒப்பந்தம். வந்தது 84. போனஸ் கிடையாது. அந்தக் கம்பெனியின் கிறிஸ் அவெலோன் 2012ல் இதை வெளியே சொன்னார். ஒரு மார்க்! இரண்டு ஊர்க்காரர்கள் மனசார ஆறு மார்க் மாறுபட முடியும் என்று தெரிந்த உலகத்தில், சராசரியில் ஒரு மார்க் குறைந்ததற்கு சம்பளக்காரன் வயிற்றில் அடி.

சுவாரசியம் என்னவென்றால், இப்போது ஸ்டீம் கடையே சுற்றி வளைத்து பழைய இடத்துக்கு வந்திருக்கிறது. நிறைய விமர்சனங்கள் உள்ள கேம்களுக்கு, மொழிவாரியாகத் தனித்தனி மதிப்பீடு காட்ட 2025 ஆகஸ்டில் ஆரம்பித்தார்கள். மொழிபெயர்ப்பு மோசமாக இருந்தாலோ, ஊருக்குப் பொருந்தாமல் இருந்தாலோ ஒரு மொழிக்காரர்கள் திட்டுவார்கள், மற்றவர்கள் கொண்டாடுவார்கள். உலகத்துக்கெல்லாம் ஒரே எண் போட்டால் இது தெரியாமல் போகிறது என்று அவர்களுக்கே புரிந்திருக்கிறது. ஆனால் இது பழைய பதிப்புகளுக்கு ஈடில்லை. அங்கே சம்பளம் வாங்கிக்கொண்டு, பெயர் போட்டு, நாலு பக்கம் காரணம் சொல்லி எழுதினவர் ஒருவர் இருந்தார். இங்கே கூட்டத்தின் கைதூக்கல்தான்.

"நமக்கென்ன, பசங்க விளையாட்டுதானே" என்று இருக்க முடியாது மக்களே. 2023ல் 'வெண்பா' என்று ஒரு கேம் வந்தது. டொராண்டோவில் விசை கேம்ஸ் செய்தது. 1988ல் கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பம், அம்மா வெண்பா, ஆங்கிலத்தில் பதில் சொல்லும் மகன் கவின், பாதி அழிந்துபோன பாட்டியின் சமையல் குறிப்பு நோட்டு. 2024ல் முதல் படைப்புக்கான பாஃப்டா விருது வாங்கியது. உலக விமர்சகர்கள் நன்றாகவே பாராட்டினார்கள், கூடவே பலர் சொன்ன குறை ஒன்றுதான்: சீக்கிரம் முடிந்துவிடுகிறது. ஒன்றரை மணி நேரக் கேமுக்கு அது நியாயமான குறை, மறுக்கவில்லை.

ஆனால் நம்மாள் ஒருவர் உட்கார்ந்து எழுதியிருந்தால் வேறு விஷயங்களுக்கு மார்க் கூட்டியிருப்பார், குறைத்திருப்பார். நொய்டாவில் என் வீட்டில் பையன் விளையாடினான். முதல் புதிரே இட்லி. தட்டுகளை எப்படி மாற்றி அடுக்குவது என்று கண்டுபிடிக்க வேண்டும். அவன் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, துணி மடித்துக்கொண்டிருந்த தங்கமணி நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "தட்டைத் திருப்பி வைடா, குழிக்கு மேல குழி வரக்கூடாது" என்றாள். புதிர் ரொம்ப சுலபம் என்று எந்த நாட்டுப் பதிப்பிலும் யாரும் எழுதியதாக நான் படிக்கவில்லை.