பல்கலை டயரி - 17: கிரிக்கெட்டா, மல்யுத்தமா?

போன வாரம் எங்க பல்கலையின் விளையாட்டுத் துறையில் இருந்து எல்லா மாணவர்களுக்கும் ஒரு மின்னஞ்சல். "புதுசா ஒரு விளையாட்டைச் சேர்க்கப் போறோம், எதைச் சேர்க்கலாம்னு சொல்லுங்க" என்று ஒரு பட்டியல். பட்டியலின் கடைசியில் 'மற்றவை' என்று ஒரு கட்டம். அவ்வளவுதான், நம்ம பசங்க வாட்ஸப் குழு பத்திக்கிச்சு. "மச்சி, எல்லாரும் மற்றவையில கிரிக்கெட்னு போடுங்கடா, ஒருத்தன் விடக்கூடாது!"

நானும் சனிக்கிழமை டென்னிஸ் பந்துல டேப் சுத்தி பார்க்கிங் லாட்டில் ஆடுற கோஷ்டிதான். ஆனாலும் நான் கிரிக்கெட்டுக்கு ஓட்டுப் போடலை. பெண்கள் மல்யுத்தத்துக்குப் போட்டேன். "ஏண்டா துரோகி"ன்னு கேட்டவங்களுக்குத் தனித்தனியா விளக்கி வாய் வலிக்குது. அதனால மொத்தமா இங்கேயே எழுதிடறேன்.

முதல்ல ஒரு அடிப்படை மேட்டர். இங்கே பல்கலைகளில் விளையாட்டு ரெண்டு வகை. ஒண்ணு கிளப். நாமளே காசு போட்டு, நாமளே வண்டி ஓட்டிட்டுப் போய் ஆடுறது. இன்னொண்ணு வார்சிட்டி. அதாவது பல்கலையின் அதிகாரப்பூர்வ அணி. சம்பளத்துக்குக் கோச், ஸ்காலர்ஷிப், பிசியோ, பஸ், விமானம் எல்லாம் அதுக்குத்தான். இந்த மின்னஞ்சல் கேட்டது வார்சிட்டியைப் பத்தி.

நம்ம பசங்க மறந்தது என்னன்னா, வார்சிட்டி கிரிக்கெட் வந்தாலும் அதில் நாம ஆட முடியாது :-) என்.சி.ஏ.ஏ டிவிஷன் ஒன்றில் ரொம்ப நாளாவே அஞ்சு வருஷக் கடிகாரம்னு ஒரு விதி இருக்கு. உலகத்துல எந்தக் கல்லூரியிலாவது முழுநேர மாணவனா முதல்முதல்ல சேர்ந்த நாளில் இருந்து அது ஓட ஆரம்பிச்சிடும். நாம ஊர்ல நாலு வருஷம் பி.இ. படிச்சப்பவே நாலு வருஷம் போச்சு. நடுவுல ரெண்டு வருஷம் ஐடி கம்பெனியில ஆணி புடுங்கிட்டு எம்.எஸ். வந்தவங்களுக்கு மொத்தமும் போச்சு. சௌரப் நேத்ரவால்கரைத் தெரியுமில்ல? 2024 உலகக்கோப்பையில் டாலஸ் பக்கத்துல பாகிஸ்தானுக்கு எதிரா சூப்பர் ஓவர் போட்டு அமெரிக்காவை ஜெயிக்க வெச்சவர். அவரும் நம்மள மாதிரி எம்.எஸ். படிக்கத்தான் கார்னெல் வந்தார். ஆனா கிரிக்கெட்டைக் கத்துக்கிட்டது மும்பையில. ஆக, நாம கேட்கிற கிரிக்கெட் அணி நமக்கானதே இல்ல. பள்ளிக்கூடம் முடிச்சிட்டு வர்ற 18 வயசுப் பிள்ளைகளுக்கானது. அப்ப கேள்வியை அந்தப் பக்கத்துல இருந்துதானே பார்க்கணும்?

அந்தப் பக்கத்துல இருந்து பார்த்தா முதல்ல நிக்கிறது 'டைட்டில் நைன்' சட்டம். 1972ல் வந்தது. அரசாங்கப் பணம் வாங்குற எந்தக் கல்வி நிறுவனமும் ஆண், பெண் பாகுபாடு காட்டக் கூடாது, அவ்வளவுதான் அதோட சாரம். விளையாட்டைக் குறிவெச்சுப் போட்ட சட்டம் கூட இல்ல. ஆனா அதிகம் மாத்தினது விளையாட்டைத்தான். 1971-72ல் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் விளையாடின பெண்கள் 3 லட்சத்துக்கும் கம்மி. இப்ப 34 லட்சத்துக்கும் மேல!

இதைக் கடைப்பிடிக்கிறாங்களான்னு பார்க்க 1979ல் மூணு வழி சொன்னாங்க. இதுல ஏதாவது ஒண்ணு தேறினா போதும்:

1. மாணவர்களில் பெண்கள் எத்தனை பங்கோ, வீரர்களிலும் ஏறக்குறைய அதே பங்கு பெண்கள் இருக்கணும்.
2. இல்லையா, பெண்களுக்கான வாய்ப்பைத் தொடர்ந்து கூட்டிக்கிட்டே வந்திருக்கணும்.
3. அதுவும் இல்லையா, பெண்களுடைய ஆர்வத்துக்கும் திறமைக்கும் ஏத்த அணிகள் முழுசா ஏற்கெனவே இருக்கணும்.

அமெரிக்காவில் இளநிலை படிக்கிறவங்களில் ஏறக்குறைய 57 விழுக்காடு பெண்கள். பல பல்கலைகளில் வீரர்களில் அந்த அளவு பெண்கள் கிடையாது. கால்பந்து (அதாவது இவங்க கையால ஆடுற கால்பந்து) அணி இருந்தா ஒரே அணியில் நூறு ஆண்கள். அந்தத் தராசில் மேலும் ஒரு ஆண்கள் அணியை வெச்சா எந்தப் பக்கம் சாயும்னு நீங்களே பார்த்துக்கோங்க.

"சும்மா காகிதச் சட்டம்"னு நினைக்கிறவங்களுக்கு அயோவா கதை. 2020 ஆகஸ்டில், கொரோனா நேரத்தில், காசு இல்லைன்னு அயோவா பல்கலை நாலு அணிகளைக் கலைக்கிறதா அறிவிச்சது: ஆண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ், ஆண்கள் டென்னிஸ், ஆண்கள் நீச்சல், பெண்கள் நீச்சல். அடுத்த மாசமே நீச்சல் அணிப் பெண்கள் நாலு பேர் கோர்ட்டுக்குப் போனாங்க. டிசம்பரில் தடை வாங்கினாங்க. 2021 பிப்ரவரியில் பெண்கள் நீச்சல் திரும்ப வந்துடுச்சு. கதை அதோட முடியலை. அந்த வருஷம் செப்டம்பரில் பெண்கள் மல்யுத்த அணியையும் தொடங்கறதா பல்கலை அறிவிச்சது. பெரிய கான்ஃபரன்ஸ் பல்கலைகளில் அப்படி ஒரு அணி அதுதான் முதல். வழக்கும் சமரசத்தில் முடிஞ்சது. களம் இறங்கின முதல் சீசனிலேயே, 2024 மார்ச்சில், அந்த அணி தேசிய பட்டம் வாங்கிடுச்சு. திறமை எங்கியோ இருந்திருக்கு, கதவுதான் மூடியிருந்திருக்கு. ஆனா கலைச்ச ஆண்கள் அணி மூணும் திரும்பி வரலை. அந்தப் பசங்களை நினைச்சா பாவமாத்தான் இருக்கு. அதையும் சொல்லிடணும்.

சரி, பெண்கள் அணிதான்னு முடிவாயிடுச்சு. எந்த விளையாட்டு? இங்கதான் கில்லாடி வேலையெல்லாம் நடக்கும். எண்ணிக்கையை மட்டும் பார்த்தா ரொம்ப வசதி துடுப்புப் படகு. ஒரு படகுக்கே எட்டு பேர், கூட ஒரு காக்ஸ்வெய்ன். சில இடங்களில் நூறு பேருக்கு மேல சேர்த்துக்குவாங்க. அதுல பாதிப் பேர் கேம்பஸ் வந்தப்புறம்தான் துடுப்பையே பார்த்திருப்பாங்க. படகு ஓட்டறது தப்பில்ல, நல்ல விளையாட்டு. ஆனா கணக்குக்காக ஆள் சேர்க்கிறது வேற. 2011ல் நியூயார்க் டைம்ஸ் இதைப் பத்தி விலாவாரியா எழுதிச்சு. தான் அணியில இருக்கிறதே தெரியாத பெண்கள் பட்டியலில் இருந்தாங்க. பெண்கள் கூடைப்பந்து அணிக்குப் பயிற்சியில் எதிரணியா ஆடுற ஆண்களை எல்லாம் 'பெண்கள் அணியில் பங்கேற்பவர்'னு எண்ணியிருந்தாங்க. நம்ம ஊர் ரேஷன் கார்டு கணக்கெல்லாம் தோத்துடும் போங்க.

அதனால என் அளவுகோல் நாலே கேள்விதான்.

ஒண்ணு, பள்ளிக்கூடத்தில் இதை ஏற்கெனவே ஆடிக்கிட்டு, 18 வயசுல இடம் இல்லாம நிக்கிற பிள்ளைங்க இருக்காங்களா? பெண்கள் மல்யுத்தத்தில் இருக்காங்க. 2023-24ல் உயர்நிலைப் பள்ளிகளில் மட்டும் 64,000க்கு மேல. பல மாநிலங்கள் அவங்களுக்குன்னே தனிப் போட்டி நடத்துறாங்க. கிரிக்கெட்? நியூயார்க் நகரப் பொதுப் பள்ளிகளில் 2008ல் இருந்து நடக்குது, அதுவும் பசங்களுக்கு. நாங்க இருக்கிறதோ அங்கிருந்து ரெண்டு மாநிலம் தள்ளி.

ரெண்டு, பஸ்ஸில் போய் ஆடிட்டு ராத்திரி திரும்பற தூரத்தில் எதிரணி இருக்கா? இதை யாரும் யோசிக்கிறதே இல்ல. ஒவ்வொரு மேட்ச்சுக்கும் விமானம் ஏறினா பட்ஜெட்டும் காலி, பிள்ளைங்க படிப்பும் காலி.

மூணு, கடைசியில் ஒரு கோப்பை இருக்கா? என்.சி.ஏ.ஏ 1994ல் இருந்து 'வளர்ந்துவரும் பெண்கள் விளையாட்டு'ன்னு ஒரு பட்டியல் வெச்சிருக்கு. 40 பல்கலைகளாவது அணி வெச்சாத்தான் தேசிய சாம்பியன்ஷிப் பத்திப் பேச்சே வரும். துடுப்புப் படகு, ஐஸ் ஹாக்கி, வாட்டர் போலோ, பௌலிங், பீச் வாலிபால் எல்லாம் அந்தப் படி ஏறி வந்தவை. (பௌலிங்னதும் பும்ராவை நினைக்காதீங்க, இது பந்தை உருட்டி பத்து கட்டையைச் சாய்க்கிறது. செலவு கம்மிங்கறதால கறுப்பினத்தவருக்கான பல பல்கலைகள் இதைத்தான் முதல்ல பிடிச்சுக்கிட்டாங்க.) பெண்கள் மல்யுத்தம் 2020ல் பட்டியலில் சேர்ந்தது. 2025 ஜனவரியில் சாம்பியன்ஷிப் அந்தஸ்து கொடுத்தாங்க, முதல் போட்டி 2026ல்னு.

நாலு, என்ன செலவு, யார் தலையில? மல்யுத்தத்துக்கு ஒரு பெரிய ஹால், மேட், ரெண்டு மூணு கோச். ஆண்கள் அணி இருக்கிற இடத்தில் ஹாலும் ரெடி. கிரிக்கெட்டுக்கு? நடுவுல பிட்ச் போட்ட வட்ட மைதானம். இவங்க மைதானம் எல்லாமே செவ்வகம், இல்லாட்டி பேஸ்பால் விசிறி.

யார் தலையிலங்கறது முக்கியம். டிவி பணம் கொட்டுற பெரிய பல்கலை எங்களது இல்ல. எங்களை மாதிரி நடுத்தரப் பல்கலைகள் பலவற்றில் விளையாட்டுச் செலவில் பெரும்பகுதி மாணவர் கட்டணத்தில் இருந்துதான் போகுது. ஒவ்வொரு செமஸ்டரும் ரசீதில் 'அத்லெட்டிக்ஸ் ஃபீஸ்'னு ஒரு வரி வருமே, அதேதான். சின்னத் தனியார் கல்லூரிகளில் கணக்கு தலைகீழ். டிவிஷன் மூணில் விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது. அதனால முப்பது பேர் அணி சேர்த்தா கட்டணம் கட்டற முப்பது பேர் உள்ளே வந்த மாதிரி. பிள்ளைங்க எண்ணிக்கை குறையற காலத்தில் அவங்க அணி மேல அணியா சேர்க்கிறது அதுக்குத்தான்.

2025 ஜூனில் இன்னொரு திருப்பம். 'ஹவுஸ்' வழக்குச் சமரசத்தைக் கோர்ட் ஏத்துக்கிச்சு. இனி பல்கலைகள் வீரர்களுக்கு நேரடியாவே பணம் கொடுக்கலாம். முதல் வருஷ உச்சவரம்பு ஏறக்குறைய 2 கோடியே 5 லட்சம் டாலர். அந்தப் பணத்தில் பெரும்பங்கு கால்பந்துக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும்தான் போகும்னு எல்லாருக்கும் தெரியும். பிடுங்கறது எங்கேன்னா, இந்த மாதிரி சின்ன விளையாட்டுகளில்தான். ஸ்டான்ஃபோர்டே 2020ல் 36 அணிகளில் 11ஐக் கலைக்கிறோம்னு சொல்லி, பழைய மாணவர்கள் கிளம்பி எதிர்த்தப்புறம் 2021 மே மாசம் பின்வாங்கிச்சு. ஆக ஒரு அணியைத் தொடங்கறது பெரிசில்ல. பத்து வருஷம் நடத்த முடியுமான்னு பார்க்கணும். நாலு வருஷத்தில் கலைக்கிறதுக்கு ஆரம்பிக்காம இருக்கறதே மேல்.

ஃப்ளாக் ஃபுட்பாலும் பட்டியலில் இருந்துச்சு. இடுப்பில் தொங்கற துணிப்பட்டையை உருவினா ஆள் அவுட், மோதல் கிடையாது. பள்ளிகளில் வேகமா பரவுது, 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ஸிலும் உண்டு. அது ஜெயிச்சாலும் எனக்கு வருத்தமில்ல. ஆனா மல்யுத்தத்தில் 103 பவுண்டில் இருந்து 207 பவுண்டு வரை பத்து எடைப் பிரிவு. கூடைப்பந்திலும் வாலிபாலிலும் உயரம் பார்த்தே ஒதுக்கப்பட்ட குள்ளமான பொண்ணுக்கும், குண்டுன்னு கிண்டலடிக்கப்பட்ட பொண்ணுக்கும் இங்க ஒரு இடம் இருக்கு. எனக்கு அது போதும்.

2024 பாரிஸில் வினேஷ் போகத் 100 கிராம் கூடிப்போய் இறுதிப்போட்டி ஆட முடியாம நின்னப்ப நாம எல்லாருமே தூங்கலை. அந்த 50 கிலோ பிரிவில் தங்கம் வாங்கின அமெரிக்கப் பொண்ணு சாரா ஹில்டப்ராண்ட் எங்க படிச்சாங்க தெரியுமா? டென்னசியில் கிங் பல்கலைன்னு ஒரு சின்ன இடம். பெரிய பல்கலைகள் திரும்பிக்கூடப் பார்க்காத காலத்திலேயே பெண்கள் மல்யுத்த அணி வெச்சிருந்த இடம்.

கிரிக்கெட்டை நான் கைவிட்டுடலை. அதே படிவத்தில் கீழே கருத்துப் பெட்டி இருந்துச்சு. கிளப்புக்கு ஒரு மேட்டிங் பிட்ச், வாரம் ரெண்டு நாள் விளக்கு வெளிச்சம், பொது மைதானத்தில் சனிக்கிழமை மூணு மணி நேரம்னு எழுதிட்டு வந்தேன். வார்சிட்டி அணியோட பஸ் செலவில் ஒரு துளி கூட ஆகாது. எம்.எஸ்., பிஎச்.டி. எல்லாரும் ஆடலாம், அஞ்சு வருஷக் கடிகாரமும் இல்ல. கையெழுத்து வேட்டை நடத்தறதா இருந்தா இதுக்கு நடத்துங்கப்பா, முதல் கையெழுத்து என்னோடது.

டிஸ்கி: படிவத்துக்குக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. ஆய்வகத்தில் இருக்கிற நம்ம மக்கள் பாதிப் பேர் அந்த மின்னஞ்சலைத் திறந்தே பார்க்கலையாம். கட்டணம் மட்டும் எல்லாரும் கட்டறோம் சாமிகளா, போய் ஓட்டைப் போடுங்க!