மீன்பிடிப் படம் எடுப்போர் கவனத்துக்கு

வயலை விட்டு வந்த எமது குடும்பங்கள் பல இன்று குளத்தை நம்பிச் சீவிக்கின்றன. மண்வெட்டி பிடித்த கைக்கு வலை இலகுவில் படியாது. முன்பென்றால் அனுபவசாலி ஒருவரின் தோணியில் ஏறி, இரண்டு மாரி அவருடன் போய்வந்தால்தான் தொழில் பிடிபடும். இப்போது இளைஞர்கள் கைத்தொலைபேசியில் மீன்பிடி வீடியோக்களைப் பார்த்துப் பழகுகிறார்கள். சிலர் தாமே எடுத்தும் போடுகிறார்கள். இதை நாம் குறை சொல்ல மாட்டோம். டெக்கும் ரீ.வியும் வாடகைக்கு எடுத்து, ஜெனரேற்றர் இரைச்சலுக்குள் விடியவிடியப் படம் பார்த்தவர்கள்தானே நாமும்! ஆனால் இந்தப் படங்கள் எமது பிள்ளைகளுக்கு எதைப் பழக்குகின்றன என்று கேட்க வேண்டியிருக்கிறது.

விராலை எடுத்துக்கொள்வோம். விரால் குஞ்சுகள் செம்மஞ்சள் நிறத்தில் கூட்டமாக நீர்மட்டத்துக்கு வந்து கொப்பளிக்கும். பெரிய விரால்கள் அடியில் காவல் நிற்கும். அந்தக் கூட்டத்தின் நடுவே தூண்டிலை எறிந்தால், குஞ்சைக் காக்கும் ஆத்திரத்தில் பெரியது பாய்ந்து கவ்வும். பார்ப்பதற்கு விறுவிறுப்பான காட்சிதான். மீனைத் தூக்கிக் காட்டிச் சிரிப்பதோடு படம் முடிந்துவிடும். காவல் போன குஞ்சுகளை மற்ற மீன்களும் நீர்க்காகங்களும் தின்று தீர்ப்பதை எவரும் படம் பிடிப்பதில்லை. பார்த்த பையன் மறுநாள் குளக்கட்டில் குஞ்சுக் கூட்டத்தைத்தான் தேடுவான். அடுத்த வருடம் அந்தக் குளத்தில் விரால் குறைந்தால், முதலில் பசி தெரிவது வேறு வருமானம் இல்லாத வீட்டில்.

வலையின் கதையும் இப்படித்தான். உள்நாட்டு நீர்நிலைகளில் எட்டரை சென்ரிமீற்றருக்குக் குறைந்த கண்ணுடைய செவுள்வலை போடக்கூடாது என்று 1996ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் சொல்கின்றன. எத்தனை வீடியோக்களில் வலைக்கண்ணை அளந்து காட்டுகிறார்கள்? ஒரு கண்ணை முடிச்சுக்கு முடிச்சு இழுத்து அடிமட்டத்தின்மேல் வைத்துக் காட்ட அரை நிமிடம் போதும். சின்னக் குளங்களில் விடப்படும் கட்லா, றோகு போன்ற கெண்டை இனங்கள் அங்கே தாமாகப் பெருகுவது அரிது. விட்ட குஞ்சு வளர்ந்தால்தான் உண்டு. சிறு கண் வலையில் அது விரலளவில் அள்ளப்பட்டுவிட்டால், அந்தப் பருவத்துக்கு அந்தக் குளம் முடிந்தது.

சட்டம் சொல்லும் படத்தை யார் பார்ப்பார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதிகாரி மேசையில் இருந்துகொண்டு வாசிக்கும் படத்தை நாமும் பார்க்க மாட்டோம். ஆனால் குளத்திலேயே அதிசயம் நிறைய உண்டு. 1952இல் இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியாவின் தாய் மீன், முட்டையையும் குஞ்சையும் தன் வாய்க்குள் வைத்து வளர்க்கிறது. வலையில் அகப்பட்டதும் அவற்றைத் துப்பிவிடும். அதை ஒருவர் கிட்ட வைத்துப் படமெடுத்து, “இது தாய், இதைத் திரும்ப விடுகிறேன்” என்று சொல்லிக் கையைத் தண்ணீருக்குள் இறக்கினால் பிள்ளைகள் இமைக்காமல் பார்ப்பார்கள். பாட்டும் வேண்டாம், பகிடியும் வேண்டாம். சினிமாப் பாட்டைப் பின்னால் போட்டுத் தண்ணீர்ச் சத்தத்தை அமுக்கிவிடும் வழக்கம் எமக்குப் பிடிக்கவில்லை.

வீச்சுவலை எறிவதைக் காட்டுவோருக்கு ஒரு விடயம். பெரும்பாலும் முன்னால் நின்றுதான் எடுக்கிறார்கள். வலை பூப்போல விரிவது அழகாகத் தெரியும், ஆனால் பழகுபவனுக்கு இடக்கை எது, வலக்கை எது என்று குழம்பிவிடும். எறிபவரின் முதுகுப்பக்கம், தோளுக்கு மேலாக நின்று எடுங்கள். கயிறு மணிக்கட்டில் எப்படிச் சுற்றியிருக்கிறது, வலையின் எந்தப் பங்கு தோளில் கிடக்கிறது, ஈயக்குண்டு வரிசையை எந்த விரல்கள் பிடித்திருக்கின்றன என்பதை முதலில் ஆறுதலாகக் காட்டுங்கள். பிறகு ஒரே எறிவை மூன்று முறை, மூன்று இடத்திலிருந்து எடுங்கள். விரியாமல் கயிறாக விழுந்த எறிவையும் வெட்டி எறிய வேண்டாம். ஏன் விரியவில்லை என்று எறிந்தவரே சொன்னால், பார்ப்பவன் அதில்தான் கூடப் படிப்பான், சிரித்தும் கொள்வான்.

சூரியன் முதுகுப்பக்கம் இருக்கட்டும். நடுப்பகலில் தண்ணீர் கண்ணாடி போலப் பளபளக்கும், ஒன்றும் தெரியாது. காலை ஏழு எட்டு மணி நல்லது. காற்று இரைந்தால் பேசுபவருக்குக் கிட்டப் போங்கள். தொலைபேசியைப் படுக்கையாகப் பிடியுங்கள். மற்றவை பழகப் பழக வரும்.

காத்திருப்பதையும் காட்ட வேண்டும் என்பது எமது கருத்து. பெரும்பாலான படங்களில் எறிந்தவுடன் மீன் வருகிறது. இதை நம்பிக் கடன்பட்டு வலை வாங்கிய விவசாயி, வெறும் வலையோடு மூன்று நாள் திரும்பினால் தன்னையே நொந்துகொள்வார். வெறும் வலையும் தொழிலின் பங்கு. முதலை உள்ள குளமென்றால், எந்தக் கரையில் கால் வைப்பதில்லை என்று ஊரவர் ஒருவரைக் கொண்டே சொல்ல வையுங்கள்.

படத்தில் வரும் ஆட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1967இல் கனடாவின் போகோ தீவில், கொலின் லோ என்ற இயக்குநர் அங்குள்ள மீனவரைப் பற்றி இருபதுக்கு மேற்பட்ட குறும்படங்களை எடுத்தார். அரசாங்கம் அம்மக்களை வேறிடத்தில் குடியேற்ற எண்ணியிருந்த காலம் அது. எடுத்த படத்தை, அதில் வந்தவர்களுக்கே முதலில் போட்டுக் காட்டினார்கள். வேண்டாம் என்று அவர்கள் சொன்னதை வெட்டினார்கள். பிறகுதான் மற்ற ஊர்களுக்குக் காட்டினார்கள். ஒருவர் ஊரின் கஷ்டத்தை மற்ற ஊரவர் திரையில் பார்த்து, ஒன்றுகூடிப் பேசி, கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தீவிலேயே தங்கிவிட்டார்கள். இங்கோ, ஈரச்சேலையோடு மீன் தெரிந்தெடுக்கும் பெண்களை ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்து உலகத்துக்குக் காட்டிவிடுகிறார்கள். இடம்பெயர்ந்து வந்தவர் என்றால் கேட்கத் தேவையில்லை என்ற நினைப்போ தெரியாது. குளத்தின் பெயரைச் சொல்வதற்கு முன் அங்குள்ள மீனவர் சங்கத்தையும் கேட்பது முறை. பெயர் வெளியே போனால் அடுத்த கிழமையே வெளியூர் வலைகள் வந்து இறங்கலாம்.

படம் ஏழெட்டு நிமிடத்துக்குள் இருக்கட்டும். எமது வீடுகளில் டேட்டா காசு கொடுத்து வாங்குவது. முதல் இரண்டு நிமிடம் வணக்கம் சொல்வதிலும் பெயர் சுழல்வதிலும் போனால், அது ஏழையின் காசு. மீன் கரைக்கு வந்த பின் கெமராவை நிற்பாட்டவும் வேண்டாம். தராசில் எத்தனை கிலோ, வியாபாரி என்ன விலை சொன்னார், ஐஸ் காசும் எண்ணெய்க் காசும் கழித்து வலைக்காரருக்கு எவ்வளவு மிஞ்சியது என்பதையும் காட்டுங்கள். புதிதாக வலை வாங்க யோசிக்கும் குடும்பம் அந்தக் கணக்கைத்தான் தேடுகிறது.