கேள்வி கேட்கிற பிள்ளைகளுக்குச் சபையில் இடம் வேண்டும்

தேவதானப்பட்டி வட்டாரக் கிறிஸ்தவ இளையோரின் கோரிக்கைச் சாசனம்

எங்கள் போதகர்களுக்கும் பங்குத்தந்தையருக்கும் சபை மூப்பர்களுக்கும், தேவதானப்பட்டி, கெங்குவார்பட்டி, ஜெயமங்கலம் பக்கத்து இளையோர் எழுதுவது.

சபையில் நிலைத்திருக்க ஆசைப்படுவதால்தான் இதை எழுதுகிறோம். கல்லூரி விடுதியிலும் செல்போனிலும் எங்களை விடாமல் கேட்கிறார்கள். அவரவர் உண்மை அவரவர்க்கு இருக்கும்போது உங்கள் வழி மட்டும் எப்படி ஒரே வழி? 2004 டிசம்பர் 26 அன்று வேளாங்கண்ணிக்கு வந்த பக்தர்களைக் கடல் வாரிக்கொண்டு போனபோது உங்கள் ஆண்டவர் எங்கே இருந்தார்? இதையே வேதபாட வகுப்பில் கேட்டால், "பிசாசு குழப்புறான் தம்பி, ஜெபம் பண்ணு" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஜெபிக்கிறோம். கேள்வி அப்படியே இருக்கிறது.

கேள்வியை எதிர்கொள்வது நம் மரபுக்குப் புதிதல்ல. 1606இல் மதுரைக்கு வந்த இயேசு சபைத் துறவி ராபர்ட் தெ நொபிலி, சைவ ஆசிரியர் ஒருவரோடு நாள்கணக்கில் உட்கார்ந்து வாதித்தார். காயத்தைத் தொடாமல் நம்பமாட்டேன் என்ற தோமாவை இயேசு விரட்டவில்லை. அந்தத் தோமாவின் பேரால்தான் பரங்கிமலைக்குப் போகிறோம்.

ஆகவே, மாதம் ஒரு ஞாயிறு மாலையைக் கேள்விக்கென்று ஒதுக்கக் கோருகிறோம். காணிக்கைப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கேள்விப் பெட்டி இருக்கட்டும்; பெயர் போடாமல் சீட்டு எழுதலாம். சங்கடமான சீட்டையும் சத்தமாக வாசிக்க வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம்; உங்கள்மேல் எங்கள் மரியாதை கூடுமே தவிரக் குறையாது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியிலிருந்து ஆசிரியர்களை அழையுங்கள். சபையில் உள்ள அறிவியல் ஆசிரியர்களையும் செவிலியர்களையும் பேச வையுங்கள்.

முதல் மாலை சாதிக்கு. எல்லாவற்றையும் விளக்க வரும் பெரிய கதைகளைச் சொல்வது யார், அவற்றால் வாழ்ந்தது யார் என்று 90களில் 'நிறப்பிரிகை' போன்ற சிற்றிதழ்கள் பின்நவீனத்துவம் பேசிக் கேட்டன. மீட்பின் கதையைச் சொல்லும் நம்மையும் அந்தக் கேள்வி விடாது. திருச்சி மேலப்புதூர் கல்லறையில் தலித் கிறிஸ்தவர்களைப் பிரித்துச் சுவர் எழுப்பினார்களே, அதற்கு எந்த வேதவசனத்தைக் காட்டுவது? 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதி உரிமையை மறுப்பதை எதிர்த்து டெல்லி வரை போகிறோம். போகத்தான் வேண்டும். அதே துணிவைக் கல்லறைத் தோட்டத்திலும் வரன் பார்க்கிற இடத்திலும் காட்டுங்கள். நாங்களும் காட்டுகிறோம்.

பதில் சொல்பவரின் வாழ்க்கையும் கேள்விக்கு உட்பட வேண்டும். சென்னையில் பிறந்து, விசுவாசத்தின் கடினமான கேள்விகளுக்கு உலகெங்கும் பதில் சொன்ன ரவி சகரியாஸ் 2020இல் மறைந்தார். பெண்களிடம் அவர் செய்த பாலியல் அத்துமீறல்களை, அவருடைய அமைப்பே அமர்த்திய விசாரணை 2021இல் உறுதி செய்தது. முன்பே முறையிட்ட பெண்ணை அமைப்பு நம்பவில்லை. நம் சபைகளில் ஒரு பெண் முறையிட்டால், அந்தப் புகாரைப் பெண்களும் இடம்பெறும் குழு உடனே விசாரிக்க வேண்டும்.

எங்களுக்குப் பதில் சொல்லும் சாக்கில் அக்கம்பக்கத்தாரை இழிவாகப் பேச வேண்டாம். மூங்கிலணை காமாட்சியம்மன் கோயில் சிவராத்திரித் திருவிழாவுக்குப் போகிறவர்கள் எங்கள் கூட்டாளிகள்.

தவக்காலம் தொடங்குமுன் எழுத்தில் பதில் தந்து, அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். முதல் கூட்டத்துக்கு நாற்காலி போடுவதும் டீ வாங்கி வருவதும் எங்கள் பொறுப்பு.